வில்ற் சேம்பலேனின் இரு பட்டப்பெயர்கள்

பெயர்ச்சொல் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படும் என்பது இலக்கண நூலார் கொள்கை. காரணம் எதுவும் தோன்றாது வழிவழியாக வழங்கிவருவது இடுகுறி. வடிவு, தொழில், தன்மை முதலியவற்றுள் ஒன்றைப் பற்றி வருவது காரணப்பெயர். பெற்றோர் சூட்டும் பெயர்கள் பெரும்பாலும் இடுகுறி போன்றவையே. நெடுஞ்செழியன் என்று பெயர் பெற்ற குழந்தை குறுகிய உருவினனாக வளர்வதும், பொன்னம்பலம் என்பவர் பொன்னையே காணாது வாழ்ந்து முடிவதும் உலகத்தில் உண்டு. ஊரார் சூட்டும் பட்டப்பெயரோ அத்தகையதன்று. அஃது என்றும் காரணப்பெயரே. கண் கண்ட குறையையோ மிகையையோ வாய் உடனே பெயராக்கிவிடுகின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இதனைப் 'பட்டந்தெளித்தல்' என்று சொல்வர். தெளித்த நீர் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். தெளித்த பட்டமோ இலேசில் உலர்வதில்லை.

ஒரே மனிதருக்கு ஒரே காரணம் பற்றி இரண்டு பட்டப்பெயர்கள் வழங்கின. அவற்றுள் ஒன்றை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். மற்றொன்றை விரும்பி ஏற்று, அதன் நினைவாகத் தாம் கட்டிய மாளிகைக்கே பெயரிட்டார். காரணம் ஒன்றாயிருக்க, விருப்பும் வெறுப்பும் ஏன் வேறாயின? அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் இணையற்ற இடம் பெற்ற வில்ற் சேம்பலேனின் வாழ்க்கை இந்த வினாவுக்கு விடை தருகின்றது.

வில்ற்றன் நோர்மன் சேம்பலேன் 1936 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 21 ஆந் திகதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெருநகரான பிலடெல்பியாவிற் பிறந்தார். தந்தையார் உலோகம் ஒட்டும் தொழிலாளி. தாயார் பிறர் இல்லங்களில் வீட்டுவேலை செய்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த கறுப்பினத்துக் குடும்பம் அது. பெற்றோர் இருவரும் சாதாரண உயரத்தினரே. எனினும் இந்தப் பிள்ளை மட்டும் மூங்கில் போல வளர்ந்தது. ஓவர்புறூக் உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தபோது அவர் உயரம் ஏறக்குறைய ஏழடி. முழு வளர்ச்சி பெற்ற காலத்தில் அஃது ஏழடி ஓரங்குலமாகக் கணிக்கப்பட்டது.

கூடைப்பந்தாட்டத்தில் வளையம் நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில் அமைந்திருக்கும். பிறர் அண்ணாந்து நோக்கும் அந்த வளையத்தைச் சேம்பலேன் சிறிது துள்ளினால் கையாற் பற்றிவிடலாம். ஆகவே பாடசாலை ஆட்டங்களில் அவரைத் தடுப்பார் இல்லை. அவர் ஆடிய மூன்று ஆண்டுகளில் ஓவர்புறூக் அணி 56 ஆட்டங்களில் வென்று, மூன்றில் மட்டுமே தோற்றது. 1955 ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் அவர் ஒருவரே 90 புள்ளிகள் எடுத்தார். பிலடெல்பியாப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் அவர் பெயர் நாள்தோறும் இடம்பெறலாயிற்று.

அந்தப் பத்திரிகை உலகத்திலிருந்தே முதற் பட்டம் வந்தது. அந்நகரத்து விளையாட்டு நிருபர் ஒருவர் அவரை 'வில்ற் த ஸ்ரில்ற்' என்று எழுதினார். ஸ்ரில்ற் என்பது மனிதர் காலிற் கட்டி உயர்ந்து நடக்கும் நெடுங்கழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நம்மவர் அதனை மரக்கால் என்றும் பொய்க்கால் என்றும் வழங்குவர். நெடிய கால்களையுடைய நீர்ப்பறவை ஒன்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. மன்னார்க் களப்பிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் செந்நிறக் கால்களோடு ஆழமற்ற நீரில் நின்று இரைதேடும் நெடுங்கால் உள்ளானைக் கண்டவர்கள், அந்தச் சொல் எத்தகைய தோற்றத்தை மனத்தில் எழுப்பும் என்பதை உணர்வர்.

இந்தப் பட்டம் நாடெங்கும் பரவியதற்குத் தக்க காரணம் இருந்தது. வில்ற், ஸ்ரில்ற் என்னும் இரு சொற்களும் எதுகை பெற்று ஒலித்தன. கேட்டவர் மறவார், சொல்பவர் நா இடறாது. செய்தித்தாளின் தலைப்பு வரியோ இடம் குறுகியது. சில எழுத்துக்களுக்குள் ஆளையும் அவர் உருவத்தையும் ஒருங்கே காட்டிவிடும் சொற்றொடர் கிடைப்பின், ஆசிரியர் எவர்தாம் அதனைக் கைவிடுவார்? ஒரு நகரத்துத் தாளில் தோன்றியது பல நகரத்துத் தாள்களுக்குச் சென்றது. அந்த இளைஞர் பாடசாலையை விட்டு நீங்குமுன்பே, அவரைக் காணாதவர்களும் அந்தப் பெயரால் அவரை அறிந்திருந்தனர்.

அவரோ அதனை அறவே வெறுத்தார். பொய்க்கால் என்பது உயிரற்ற கழி. அதன்மேல் ஏறி நிற்பவனுக்கு உயரம் உண்டு. ஆற்றல் உண்டென்று எவரும் கருதார். திருவிழாவில் பொய்க்காலில் நடப்பவனைக் கூட்டம் வேடிக்கை பார்க்குமேயன்றி அவனுடைய முயற்சியை எண்ணிப்பார்ப்பதில்லை. சேம்பலேன் பெற்ற புகழனைத்தும் அவருடைய எலும்பின் நீளத்தால் வந்ததே என்னும் குறிப்பு அந்தப் பெயருக்குள் மறைந்திருந்தது. அவர் இளமையில் முதலில் விரும்பியது கூடைப்பந்தாட்டத்தையன்று. ஓட்டமும் பாய்தலுமே அவருடைய முதற்காதல். உயரம் பாய்தலில் ஆறரை அடி அளவினைத் தாண்டினார், குண்டு போட்டார், வேகமாக ஓடினார். நெடிய உடல்கொண்டோர் பலருக்கு வாய்க்காத விரைவும் தசைவலியும் அவருக்கு வாய்த்திருந்தன. இவற்றில் ஒன்றையேனும் பொய்க்கால் என்ற சொல் சொல்லவில்லை.

இனி மற்றைய பட்டத்தின் பிறப்பைக் காண்போம். அது பத்திரிகைக் காரியாலயத்தில் பிறந்ததன்று. பிலடெல்பியாத் தெருக்களில் அவரோடு கூடித் திரிந்த தோழர்களிடையே பிறந்தது. சாதாரண வீட்டின் வாசல் ஏழடிக்கு உட்பட்டது. ஆகையால் அவர் ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் தலையைச் சற்றே தாழ்த்திப் புகவேண்டியிருந்தது. அவ்வாறு தாழ்தலை, அமிழ்தலை, ஆங்கிலத்தில் 'டிப்' என்ற சொல்லாற் குறிப்பர். தாழ்பவர் 'டிப்பர்'. தோழர்கள் அவரை டிப்பர் என்றும், இன்னும் செல்லமாக டிப்பி என்றும் அழைத்தனர். நம் வீதிகளில் மணலும் கல்லும் ஏற்றிச் செல்லும் கனவண்டியின் பெயரோடு இதனை மயங்குதல் கூடாது. அது வேறு சொல்; தமிழெழுத்தில் மட்டுமே இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன.

டிப்பர் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு. நீரில் அமிழ்த்தி முகந்தெடுக்கும் நீண்ட பிடியுடைய அகப்பையையும் அச்சொல் குறிக்கும். அமெரிக்க மக்கள் வட வானத்தில் ஏழு விண்மீன்கள் அகப்பை வடிவில் அமைந்திருத்தலைக் கண்டு, அதனைப் 'பிக் டிப்பர்', அதாவது பேரகப்பை, என்று அழைக்கின்றனர். நம் முன்னோர் அதே ஏழு விண்மீன்களையும் ஏழு முனிவராகக் கண்டு சப்தரிஷி மண்டலம் என்றனர். சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவு வேளையில் இலங்கையின் வட வானில் அதனைத் தெளிவாகக் காணலாம். திருமணத்தில் மணமகளுக்குக் காட்டப்படும் அருந்ததி, அந்த ஏழனுள் ஒன்றாகிய வசிட்டனை அடுத்து மங்கலாக ஒளிரும் சிறு மீனேயாகும்.

வாசலில் தலை தாழ்த்திய சிறுவனுடைய பட்டம், 'பெரிய' என்னும் ஒரே அடைமொழியைப் பெற்றவுடன் விண்மீன் கூட்டத்தின் பெயராயிற்று. டிப்பர், பிக் டிப்பர் ஆனார். தெருவிற் பிறந்த சொல் வானத்துக்கு ஏறியது. அவர் அதனை மனமுவந்து ஏற்றமையில் வியப்பில்லை.

ஆயினும் விண்மீனின் பெருமை மட்டுமே அந்த விருப்பத்துக்குக் காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. இரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். இரண்டும் அவருடைய உயரத்தையே சுட்டுகின்றன. ஆனால் பொய்க்கால் என்பது தூரத்தில், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பவன் கண்ட காட்சி. அவனுக்கு ஓர் உருவம் மட்டுமே தெரிகின்றது. தலைதாழ்த்துபவன் என்பதோ ஒரே வாசலால் உடன் நுழைந்தவன் கண்ட செயல். நுழையும்போது நண்பனின் நெற்றி நிலையில் மோதிவிடுமோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தவனுக்கே அந்தச் சொல் தோன்றும். முதற்பெயர் அவரைப் பொருளாக்கியது. இரண்டாவது பெயர், தமக்கென்று அமைக்கப்படாத உலகத்தில் தம்மைச் சிறிது வளைத்து நடந்துகொள்ளும் மனிதராக அவரைக் கண்டது.

கூட்டத்தின் பார்வை எவ்வளவு கொடிதாகலாம் என்பதை அவர் விரைவில் அறிந்தார். 1955 ஆம் ஆண்டில், பல பல்கலைக்கழகங்களின் அழைப்புக்களுக்கிடையே கன்சாஸ் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தார். முதலாண்டு மாணவர் தலைமை அணியில் ஆடலாகாது என்ற விதி அன்று நிலவியமையால், 1956 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3 ஆந் திகதியே அவர் அந்த அணியில் முதன்முதலாக ஆடினார். அன்று 52 புள்ளிகள் எடுத்ததோடு, வளையத்திற் பட்டு மீண்ட பந்தை 31 தடவை கைப்பற்றினார். ஆயினும் ஆடுகளத்துக்கு வெளியே நிலைமை வேறு. கன்சாஸ் பகுதியிற் பல உணவுச்சாலைகள் கறுப்பினத்தாருக்கு இடங்கொடாதிருந்தன. அவற்றுட் புகுந்து அமர்ந்து உணவு கேட்டுத் தாம் அவ்வழக்கத்தை உடைத்ததாக அவர் பின்னாளிற் கூறினார். 1957 இல் ரெக்சஸ் மாநிலத்து டலஸ் நகரில் ஆடியபோது, பார்வையாளர் பலர் அவரது இனத்தை இழித்துக் கூவினர். களத்துள் பொருள்களை வீசினர். கன்சாஸ் அணி அங்கு வென்று மேலே சென்றது.

அவ்வாண்டு மார்ச் மாதம் 23 ஆந் திகதி கன்சாஸ் சிற்றியில் இறுதியாட்டம் நிகழ்ந்தது. எதிரணி வட கரோலைனாப் பல்கலைக்கழகம். ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே எறிய, இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் துள்ளி அதனைத் தட்டுவது வழக்கம். இதற்கு மிக உயரமானவரையே அனுப்புவர். வட கரோலைனாவின் பயிற்சியாளர் பிராங் மக்குவயரோ, களமிறங்கிய ஐவருள் மிகக் குறுகியவரான, ஐந்தடி பதினோரங்குல உயரமுடைய ரொமி கேர்ன்ஸ் என்பவரைச் சேம்பலேனின் எதிரில் நிறுத்தினார். பார்த்தோர் சிரித்தனர். பந்து எப்படியும் சேம்பலேனுக்கே செல்லும் என்பதை மக்குவயர் அறிவார். அவர் குறிவைத்தது பந்தையன்று. அந்த இளைஞரின் மனத்தை. மும்முறை மேலதிக நேரம் வழங்கப்பட்ட அந்த நெடிய போட்டியில் கன்சாஸ் 53 க்கு 54 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியால் தோற்றது. அந்தச் சுற்றுப்போட்டியின் தலைசிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டவர் தோற்ற அணியின் சேம்பலேனே. ஆயினும் அத்தோல்வி அவரைப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. அத்தனை உயரமிருந்தும் வெல்ல முடியவில்லையே என்று பேசினர். அவர் வென்றால் அது கழியின் வெற்றி. தோற்றால் அது மனிதனின் தோல்வி. பொய்க்கால் என்ற பெயர் வகுத்த வழக்கு இதுவே.

1958 இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, ஓராண்டு ஹார்லெம் குளோப்றொற்றேர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக் குழுவோடு உலகஞ் சுற்றினார். 1959 இல் மொஸ்கோ நகரிலும் அக்குழு ஆடியது. அதே ஆண்டில் தம் பிறந்த நகரத்துத் தொழில்முறை அணியாகிய பிலடெல்பியா வொறியேர்ஸில் இணைந்தார். முதலாம் பருவத்திலேயே ஆட்டமொன்றுக்குச் சராசரி 37.6 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுக வீரர், மிகச் சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளையும் ஒருங்கே பெற்றார்.

தாய்நகரத்துக்கு மீண்டவரை அந்நகரம் எந்தப் பெயரால் வரவேற்றது? தாள்கள் பழைய பட்டத்தையே அச்சிட்டன. ஆனால் ஆட்டரங்கில் ஒலிபெருக்கி மூலம் அறிவிப்புச் செய்தவரான டேவ் சிங்கோவ் வேறு வழி கண்டார். சேம்பலேன் வளையத்துக்கு மேலெழுந்து பந்தைக் கையோடு உட்செலுத்தும் வேளைகளில், அவர் 'டிப்பர் டங்க்' என்று நீட்டி முழங்குவார். தோழர் சிலர் வாயில் வழங்கிய பெயர் அரங்கு முழுவதற்கும் உரியதாயிற்று. அச்செழுத்தால் ஒரு பெயர் வளர, மனிதக் குரலால் மற்றொரு பெயர் வளர்ந்தது.

அந்தக் குரலின் வலிமையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1962 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2 ஆந் திகதி, பிலடெல்பியாவுக்கு மேற்கேயுள்ள ஹேர்ஷி என்னும் சொக்கிலேற் ஆலை நகரத்தில் வொறியேர்ஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் சந்தித்தன. பார்வையாளர் 4,124 பேர் மட்டுமே. தொலைக்காட்சி நிலையம் எதுவும் அங்கு வரவில்லை. ஆட்டத்தின் முதற் காற்பகுதியில் சேம்பலேன் 23 புள்ளிகள் எடுத்தார். இடைவேளையில் அது 41 ஆயிற்று. மூன்றாம் பகுதி முடிவில் 69. இறுதிப் பகுதியில் அரங்கமே எழுந்து நின்றது. ஆட்டம் முடிய 46 விநாடி இருக்கும்போது அவர் 100 ஆம் புள்ளியை எடுத்தார். அந்தத் தொழில்முறைச் சங்கத்தின் ஆட்டமொன்றில் நூறு புள்ளிகளை வேறொருவரும் எடுத்ததில்லை. அவருடைய அணி 169 க்கு 147 என வென்றது. கடதாசி ஒன்றில் 100 என்று எழுதி அதனைக் கையிற் பிடித்தபடி அவர் அமர்ந்திருக்கும் புகைப்படம் உலகப் பிரசித்தம்.

அந்த ஆட்டத்தின் அசையும் படம் ஒன்றேனும் இல்லை. எஞ்சியிருப்பது வானொலி ஒலிபரப்பின் ஒரு பகுதியே. பிலடெல்பியா வானொலியில் பில் கம்பெல் நிகழ்த்திய நேர்முக வருணனையின் இறுதிக் காற்பகுதியை, பின்னிரவில் அது மறு ஒலிபரப்பான வேளையில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒலிநாடாவிற் பதிவுசெய்து வைத்தார். 2016 ஆம் ஆண்டில், அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் போற்றிக் காக்கும் தேசிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது. நூறாம் புள்ளி விழுந்த கணத்தில், போட்டுவிட்டார், போட்டுவிட்டார் என்று திரும்பத் திரும்பக் கூவும் அவ்வருணனையாளர் அடுத்துச் சொல்வது 'டிப்பர் டங்க்' என்பதே. ஒப்பற்ற அந்தச் சாதனைக்கு எஞ்சிய ஒலிச்சான்றில், பொய்க்காலன்று, தோழர் இட்ட பெயரே வாழ்கின்றது.

அப்பருவம் முழுவதிலும் அவர் 4,029 புள்ளிகள் எடுத்தார். சராசரி 50.4. ஆட்டம் ஒன்றின் நேரம் 48 நிமிடம். அவர் ஆடிய சராசரி நேரமோ 48.5 நிமிடம். மேலதிக நேரங்களும் சேர்ந்தமையால் வந்த கணக்கு இது. அதாவது அவர் ஏறக்குறைய ஒரு கணமும் ஓய்ந்திருக்கவில்லை. நீண்ட எலும்பு புள்ளியைத் தரலாம். இத்தகைய தாங்குதிறனைத் தராது.

இகழ்ச்சிக்கு அஞ்சும் மனம் ஆற்றலையும் குறைத்துவிடும் என்பதற்கும் அவரே சான்று. தண்டனை எறிகளில் அவர் என்றும் வல்லவரல்லர். நூறு புள்ளிகள் எடுத்த பருவத்தில் மட்டும், இரு கைகளாலும் பந்தைக் கீழிருந்து மேல்நோக்கி எறியும் முறையைக் கைக்கொண்டார். ஹேர்ஷியில் 32 எறிகளில் 28 வளையம் புகுந்தன. அவருடைய வாழ்நாளில் தண்டனை எறிக்கு அதுவே சிறந்த பருவம். எனினும் அம்முறையை அவர் கைவிட்டார். அவ்வாறு எறிவது காண்போருக்கு நகைப்பாகத் தோன்றுமென்று தாம் நாணியதாகப் பின்னர் எழுதினார். பயன் தரும் முறையென்று அறிந்தும், பிறர் கண்ணுக்கு அஞ்சி அதனை விட்டார். சிறுவயது முதல் வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்டவருக்கு மேலும் ஒரு சிரிப்பைத் தாங்குதல் எளிதன்று.

அவரைக் கட்டுப்படுத்த விதிகளும் மாறின. 1964 இல் தொழில்முறைச் சங்கம் வளையத்தின் முன்னுள்ள பாதையின் அகலத்தைப் பன்னிரண்டடியிலிருந்து பதினாறடியாக்கியது. பெருவீரர் வளையத்தின் அருகே நிலைகொள்ளாமற் செய்தலே அதன் நோக்கம். ஆயினும் ஆட்டங்களில் மக்களின் பரிவு எதிரணிக்கே சென்றது. பொஸ்ரன் அணியின் பில் ரசலோடு அவர் நடத்திய நெடும்போரில், தொடரிறுதிச் சந்திப்புக்கள் எட்டில் ஏழை ரசலின் அணியே வென்றது. விவிலியத்தில் வரும் இராட்சதனான கோலியாத்தோடும் அவரை ஒப்பிட்டனர். கோலியாத்தின் வெற்றியை வேண்டி நிற்பவர் எவருமில்லை என்னும் கருத்துடைய சொல் அவரோடு சார்த்திப் பேசப்படுவது. அவருடைய நெடுநாள் மனத்தாங்கலை அது நன்கு காட்டும்.

1967 இல் பிலடெல்பியா செவன்ரிசிக்சேர்ஸ் அணியில் ஆடி, பொஸ்ரனை வென்று, பின்னர் வாகையும் சூடினார். அடுத்த பருவத்தில் தாம் புள்ளி எடுப்பதை விடுத்து, தோழர் புள்ளியெடுக்கப் பந்தை வழங்குவதிற் கருத்தூன்றி, 702 தடவை அவ்வாறு உதவிச் சங்கத்தின் முதலிடத்தைப் பெற்றார். வளையத்தடியில் நிற்கும் நெடுவீரருக்கு இப்பெருமை அரிது. 1972 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கேர்ஸ் அணியோடு மீண்டும் வாகை சூடினார். அப்பருவத்தில் அவ்வணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. 1973 இல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்ந்தபோது அவர் கணக்கில் 31,419 புள்ளிகள் இருந்தன. 1,045 வழக்க ஆட்டங்களில் ஒன்றிலேனும் அவர் தவறுகள் மிகுந்து களத்தைவிட்டு நீக்கப்பட்டதில்லை. எவரினும் வலிமை மிக்கவர், எவரையும் காயப்படுத்தாதிருக்கத் தம்மை அடக்கிக்கொண்டார். அதுவும் ஒருவகைத் தலைதாழ்த்தலே.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மலைப்புறமான பெல் எயரில், 1971 இல் அவர் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். உயர்ந்த கூரையும் உயர்ந்த வாயிலும் உடைய அவ்வீட்டுக்கு 'ஏர்சா மேஜர்' என்று பெயரிட்டார். பிக் டிப்பரின் ஏழு விண்மீன்களையும் தன்னுள் அடக்கிய பெருங்கூட்டத்துக்கு வானநூலார் இலத்தீன் மொழியில் வழங்கும் பெயர் அது. வாசல்தோறும் தலை தாழ்த்தியதனாற் பட்டம் பெற்றவர், தலை தாழ்த்த வேண்டாத வீட்டைக் கட்டி, அதற்கு அந்தப் பட்டத்தையே நினைவாக வைத்தார். தோழர் தந்த பெயரை அவர் எத்துணை உயர்வாக மதித்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர் கரப்பந்தாட்டத்தில் ஈடுபட்டு ஒரு மகளிர் அணியை ஆதரித்தபோது, அதற்கும் 'லிற்றில் டிப்பேர்ஸ்', சிறிய டிப்பர்கள், என்ற பெயரே வழங்கியது.

1973 இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலின் பெயரும் கருதத்தக்கது. அடுத்த வீட்டிலுள்ள ஏழடி உயரக் கறுப்பு இலட்சாதிபதி எவரையும் போன்றவனே தான் என்பது அதன் பொருள். அடுத்த வீட்டில் அத்தகைய ஒருவர் வாழ்தல் இயலாது என்பதே அதிலுள்ள நகை. நகைக்குக் கீழே ஒரு வேண்டுகோளும் இருந்தது. தம்மை அயலவனாகப் பார்க்கவேண்டும், காட்சியாகப் பார்த்தல் வேண்டாம் என்பதே அது.

1999 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 12 ஆந் திகதி, அந்த மாளிகையிலேயே தமது 63 ஆம் வயதிற் சேம்பலேன் காலமானார். 2014 டிசம்பரில் அமெரிக்க அஞ்சற்றிணைக்களம் அவர் உருவம் பொறித்த இரண்டு முத்திரைகளை வெளியிட்டது. வழக்கமான முத்திரையினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீளமாக அவை அச்சிடப்பட்டன. மறைந்த பின்னும் உயரமே அவரைப் பின்தொடர்ந்தது. வெறுத்த பெயரும் மறைந்துவிடவில்லை; இரண்டு பெயர்களும் இன்றும் ஒருங்கே எழுதப்படுகின்றன.

பட்டம் சூட்டுவோர் பெரும்பாலும் தீங்கு கருதுவதில்லை. பிலடெல்பியா நிருபரும் ஒரு நல்ல தலைப்பையே தேடியிருப்பார். கண்டதைச் சொன்னேன், அதில் பொய் என்ன என்று கேட்டாலும் கேட்கலாம். பொய் இல்லைதான். ஆனால் தோழர்கள் சொன்னதும் அதே உண்மையே. ஒரே உண்மை, தூர நின்று சொன்னவர் வாயில் ஏளனமாயிற்று. உடன் நடந்தவர் வாயில் உரிமையாயிற்று. ஊரிலும் பள்ளியிலும் தொழிலிடத்திலும் ஒருவருக்குப் பெயரிட நா எழும்போது, காரணம் பொருந்துகின்றதா என்று பார்ப்பது போதாது. அப்பெயரைச் சொல்லி அழைத்தால், அழைக்கப்படுபவர் முகமலர்ந்து திரும்பிப் பார்ப்பாரா என்பதையும் எண்ணுதல் வேண்டும். டிப்பர் என்று அழைத்தால் வில்ற் சேம்பலேன் திரும்பிப் பார்த்தார்.